அடிமண்ணைப் பார்க்காமல் செடிக்கு வைத்தியம் பார்க்காதீர்கள்

செடி வாடுகிறது, இலை மஞ்சளடிக்கிறது, என்ன உரம் போடலாம் என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு ஆழம் தோண்டிப் பார்த்தீர்கள்? ஒரு சாண், அல்லது நடும்போது குழி எடுத்ததோடு சரி என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்த ஒரு சாணில் தெரிவது மேல்மண். கருப்பாக, பொலபொலவென்று, மண்புழுவெல்லாம் நெளிய, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மழைத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் கீழே போகும், வேர் எதுவரை இறங்கும், கோடையில் செடி எத்தனை நாள் தாங்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது அதற்குக் கீழே கிடக்கும் அடிமண். அதை யாரும் பார்ப்பதில்லை. மேலே நாலு மூட்டை மக்கு உரத்தைக் கொட்டிக் கிளறிவிட்டு, அப்புறமும் தண்ணீர் நிற்கிறதே என்று தலையைச் சொறிகிறோம்.

கொஞ்சம் அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன், தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மண்ணில் உள்ள துகள்களை அளவை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். 2 மி.மீ. முதல் 0.05 மி.மீ. வரை உள்ளது மணல், அங்கிருந்து 0.002 மி.மீ. வரை வண்டல், அதற்கும் சிறியது களி. தண்ணீர் ஓடுவது துகள்களுக்குள் அல்ல, அவற்றுக்கு இடையில் உள்ள இடைவெளிகளில். பெரிய துகள்களுக்கு நடுவே பெரிய இடைவெளி, சின்னத் துகள்களுக்கு நடுவே சின்ன இடைவெளி. வேடிக்கை என்னவென்றால் எல்லா இடைவெளிகளையும் கூட்டிப் பார்த்தால் மணலைவிடக் களிமண்ணில்தான் மொத்த இடம் அதிகம். ஆனாலும் அதில் தண்ணீர் நகராது. குழாயின் ஆரம் இரண்டு மடங்கானால் அதில் ஓடும் நீர் 16 மடங்காகும் என்பது பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840-களில் கண்டுபிடித்துச் சொன்ன விதி. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், இடைவெளி கொஞ்சம் சுருங்கினாலே ஓட்டம் எவ்வளவு படுத்துவிடும் என்று புரியும். பாசனக் கையேடுகளில் பொதுவாகக் கொடுக்கும் கணக்கு இது: மணல் மணிக்கு 30 மி.மீ.-க்கு மேல் தண்ணீரை உள்ளே இழுக்கும், மூன்றும் சரிவரக் கலந்த மண் 10 முதல் 20 மி.மீ., களிமண் 1 முதல் 5 மி.மீ.

இந்த எண்களைப் பார்த்ததும் களிமண் என்றாலே வடியாது, மணல் என்றாலே வடியும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. களித் துகள்கள் மக்கோடும் சுண்ணாம்புச் சத்தோடும் சேர்ந்து சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும்போது, அந்த உருண்டைகளுக்கு நடுவே மணலில் இருப்பதைப் போன்ற பெரிய வழிகள் கிடைக்கின்றன. உருண்டைக்குள்ளே ஈரம், வெளியே காற்று. செடிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அதே மண்ணை ஈரமாக இருக்கும்போது மிதித்தால், டிராக்டர் ஏற்றினால், மண்வெட்டியால் குழப்பினால், உருண்டைகள் நசுங்கி வழிகள் மூடிக்கொள்ளும். துகள் அளவில் எந்த மாற்றமும் இல்லை, ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரண்டுக்கும் ஒரே அறிக்கைதான் வரும், ஆனால் ஒன்று வடியும், இன்னொன்று சேறாகக் கிடக்கும். அதனால்தான் வெறும் மண் பரிசோதனை அறிக்கையை வைத்துக்கொண்டு வடிகாலைப் பற்றிப் பேசுபவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

சரி, தண்ணீர் நின்றால் செடிக்கு என்ன ஆகிறது? "வேர் அழுகிவிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அழுகுவது கடைசியில் நடப்பது. முதலில் நடப்பது மூச்சுத் திணறல். வேர் உயிருள்ள திசு, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மண்ணின் இடைவெளிகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டால், உள்ளே கரைந்திருக்கும் கொஞ்ச நஞ்ச ஆக்சிஜனை வேர்களும் நுண்ணுயிர்களும் பங்கு போட்டுத் தீர்த்துவிடும். வெயில் காலமென்றால் ஒன்றிரண்டு நாளே போதும். ஆக்சிஜன் இல்லாத வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆக, சுற்றிலும் தண்ணீர் நிற்க, செடி தாகத்தில் வாடுகிறது. இலை தொங்குவதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு வாளி ஊற்றுகிறோம். தோட்டத்தில் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது என்பது என் சந்தேகம், கணக்கெல்லாம் கேட்காதீர்கள்.

அடுத்தது தழைச்சத்து. ஆக்சிஜன் தீர்ந்ததும் சில பாக்டீரியாக்கள் சுவாசிப்பதற்கு நைட்ரேட்டைப் பயன்படுத்தத் தொடங்கி அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். நீங்கள் காசு கொடுத்துப் போட்ட யூரியா மேலே பறந்துபோய்க்கொண்டிருக்கும், அடி இலைகள் மஞ்சளாகும், சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் யூரியா போடுவீர்கள். அதற்கப்புறம் இரும்பும் மாங்கனீசும் கரையும் வடிவத்துக்கு மாறும், கடைசியில் கந்தகம் அழுகிய முட்டை நாற்றத்தோடு வெளிவரும். தோண்டிய மண்ணை மோந்து பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். நல்ல மண் மழை பெய்த வாசனை அடிக்கும், மூச்சடைத்த மண் சாக்கடை வாசனை அடிக்கும். இதற்கு நடுவில் ஃபைட்டோப்தோரா போன்ற வேரழுகல் கிருமிகள் உள்ளே வரும். அவற்றின் வித்துகளுக்கு நீந்தும் வால் உண்டு. மண்ணில் தண்ணீர் நிறைந்து நிற்பது அவற்றுக்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. மருந்து ஊற்றினால் கொஞ்ச நாள் அடங்கியிருக்கும், தண்ணீர் தேங்குவது நிற்காமல் கிருமி முழுதாகப் போகாது.

எல்லாச் செடியும் ஒரே மாதிரி கஷ்டப்படுவதில்லை. நெல், நாணல், தக்கைப்பூண்டு போன்றவை தண்டிலிருந்து வேர்வரை காற்றுக் குழாய்களை உருவாக்கிக்கொண்டு இலையில் வாங்கும் காற்றைக் கீழே அனுப்பும். பப்பாளிக்கு அந்த வசதி இல்லை, இரண்டு மூன்று நாள் தண்ணீர் கட்டி நின்றாலே மரம் சாய்ந்துவிடும். அவகாடோவும் எலுமிச்சை வகைகளும் அதற்கு அடுத்தபடி.

இனி அடிமண்ணுக்கு வருவோம். 1856-ல் ஹென்றி டார்சி என்ற பொறியாளர், பிரான்சில் டிஜோன் நகரத்துக் குடிநீர் ஏற்பாட்டுக்காக மணல் நிரப்பிய குழாய்களில் தண்ணீரை விட்டு அளந்து ஒரு விதியை எழுதினார். அதை அடுக்கடுக்கான மண்ணுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும்: மொத்த வேகத்தையும் நிர்ணயிப்பது இருப்பதிலேயே மெதுவான அடுக்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலே 50 செ.மீ. அருமையான மண், மணிக்கு 30 மி.மீ. வடியக்கூடியது. அதற்குக் கீழே வெறும் 10 செ.மீ. தடிமனில் இறுகிய ஒரு படுகை, மணிக்கு அரை மி.மீ. வடியக்கூடியது. ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் அதன் வேகத்தால் வகுத்துக் கூட்டி, மொத்தத் தடிமனை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் மணிக்கு சுமார் 2.8 மி.மீ.தான் வருகிறது. 50 மி.மீ. மழை ஒன்று பெய்தால், படுகை இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டிய தண்ணீர் இங்கே 18 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். தோராயக் கணக்குதான், ஆனால் 10 செ.மீ. படுகை ஒன்று 50 செ.மீ. நல்ல மண்ணின் வேலையை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு இதுவே போதும். மேலே இருக்கும் மண்ணை இன்னும் இரண்டு மடங்கு நல்லதாக்கினாலும் இந்த 18 மணி நேரத்தில் ஒரு மணி நேரம்கூடக் குறையாது, வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.

அந்தப் படுகை பல வகையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. மழை பல நூறு ஆண்டுகளாக மேலிருந்து களியைக் கழுவிக் கீழே இறக்கிச் சேர்த்து வைத்த அடுக்கு இருக்கலாம், இதுதான் மிகவும் சாதாரணமாகக் கிடைப்பது. ஒரே ஆழத்தில் வருடா வருடம் உழுது உழுது, கலப்பையின் அடிப்பக்கம் தேய்த்து இறுக்கிய கடினத்தட்டு இருக்கலாம், பெரும்பாலும் 15 முதல் 30 செ.மீ. ஆழத்தில் மாட்டும். நெல் வயலில் சேறடிப்பதன் நோக்கமே இப்படி ஒரு தட்டை உண்டாக்கித் தண்ணீரை நிறுத்துவதுதான், அதே வயலில் அடுத்ததாக ஆழமாக வேர்விடும் பயிரை வைத்தால் திணறுவதில் ஆச்சரியமில்லை. மழை குறைந்த இடங்களில் சுண்ணாம்பு கெட்டித்துப் போய்ச் சுக்கான் அடுக்காகக் கிடக்கும். இரும்புச்சத்து நிறைந்த மண்ணில் செம்பாறையாக இறுகியிருக்கும். வீடு கட்டிய இடமென்றால் இது எதுவும் இல்லாமல் லாரியும் மண்வாரி இயந்திரமும் ஏறி இறங்கி அமுக்கிய மண், அதன்மேல் உடைந்த செங்கல், சிமென்ட் கட்டி, அதையெல்லாம் மறைக்க ஒரு அடி செம்மண். புது வீட்டுத் தோட்டத்தில் மரம் நான்கைந்து வருடம் நன்றாக வந்து திடீரென்று நின்றுபோனால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தக் கடைசி வகையைத்தான்.

வேருக்கும் இதில் ஒரு எல்லை உண்டு. மண்ணின் எதிர்ப்பு சுமார் 2 மெகாபாஸ்கலை (அழுத்தத்தை அளக்கும் அலகு) தாண்டினால் பெரும்பாலான வேர்கள் மேற்கொண்டு கீழே இறங்குவதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் திரும்பும். கடினத்தட்டு உள்ள இடத்தில் செடியைப் பிடுங்கினால் ஆணிவேர் நேராக வந்து சட்டென்று எல் வடிவத்தில் மடங்கியிருப்பதைப் பார்க்கலாம். எந்தக் கருவியும் இல்லாமல் படுகையின் ஆழத்தைச் சொல்லும் சாட்சி அது. அப்படி மடங்கிய வேர் மழையில் மூழ்கும், பத்து நாள் மழை இல்லாவிட்டால் காயும், ஏனென்றால் அதற்குக் கிடைத்த மொத்த மண்ணே அந்த ஒரு அடிதான். ஒரே செடி ஒரே வருடத்தில் தண்ணீர் அதிகமாகியும் தண்ணீர் இல்லாமலும் மாறி மாறிக் கஷ்டப்படுகிறது என்றால் அடியில் தட்டு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சரி, கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம், தோண்டிப் பார்த்துவிட்டே சொல்லுங்கள்.

தோண்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு மீட்டர் ஆழம் போக முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் 60 செ.மீ.யாவது. ஒரு பக்கச் சுவரை நேராக வெட்டிவிட்டு, மண்வெட்டி தேய்த்த மேற்பரப்பைக் கத்தியால் கொத்திப் பெயர்த்து விடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் வழுவழுவென்று ஒரே மாதிரி தெரியும். முதலில் நிறம். சிவப்பும் பழுப்பும் இரும்பு துருப்பிடித்த நிறம், அதாவது காற்று வந்து போகிறது. சாம்பல், நீலச் சாம்பல் என்று இருந்தால் வருடத்தில் நீண்ட நாள் தண்ணீருக்குள் கிடக்கிறது, இரும்பு தன் துருவை இழந்து கரைந்துவிட்டது. சாம்பலில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் புள்ளிகள் தொடங்கும் ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் தண்ணீர் அதுவரை ஏறும் என்பதை மண் எழுதியே வைத்திருக்கிறது. காய்ந்த கோடையில் தோண்டினாலும் இது தெரியும் என்பதுதான் இதன் அருமை. ஒரு எச்சரிக்கை மட்டும்: வெளிறிய சாம்பல் நிற மணல் எப்போதும் ஈரத்தின் அடையாளம் அல்ல, இரும்பு முழுவதும் கழுவிப் போன மணலும் அதே நிறத்தில்தான் இருக்கும்.

அப்புறம் வேர்கள். எந்த ஆழம்வரை நரம்பு மாதிரி வெள்ளை வேர்கள் தெரிகின்றன, எங்கே திடீரென்று நின்றுபோகின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு கை ஆழத்துக்கும் ஒரு பிடி மண் எடுத்து நனைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ரிப்பனாக நீட்டிப் பாருங்கள். மணல் நீளவே நீளாது. 2 செ.மீ. நீண்டு உடைந்தால் கலந்த மண், 5 செ.மீ.-க்கு மேல் உடையாமல் பளபளவென்று நீண்டால் நல்ல களி. மேலே ரிப்பன் வராத மண், கீழே நீளமான ரிப்பன் என்றால் உங்கள் கதை தெரிந்துவிட்டது.

இப்போது அந்தக் குழியிலேயே தண்ணீர் ஊற்றி அளந்துவிடலாம். நிரப்புங்கள், முழுவதும் வடியட்டும், மறுநாள் திரும்ப நிரப்பி, ஒரு குச்சியில் குறி போட்டு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். முதல் தடவை அளப்பதில் பயனில்லை, காய்ந்த மண் தாகத்தில் குடிப்பதைத்தான் அது காட்டும். இரண்டாவது தடவை மணிக்கு 2.5 முதல் 7.5 செ.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு நல்லது. 1 செ.மீ.கூட இறங்காவிட்டால் மரம் வைக்கும் ஆசையைக் கொஞ்சம் ஒத்திப் போடுங்கள். கரிசல் போல விரிந்து சுருங்கும் களியில் இந்தச் சோதனையைக் கோடையில் செய்யவே செய்யாதீர்கள். வெடிப்புகள் வழியாக நிமிடத்தில் தண்ணீர் காணாமல் போகும், அடடா என்ன வடிகால் என்று தோன்றும். நாலு மழைக்கு அப்புறம் களி உப்பி வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும், அதே குழியில் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும்.

அடுத்து வருவது பலர் நம்ப மறுக்கும் விஷயம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். மேலே நுண்மையான மண், கீழே மணலோ சரளையோ என்றால் நன்றாக வடியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நடப்பது தலைகீழ். நுண்ணிய மண்ணின் சின்ன இடைவெளிகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சரளையின் பெரிய இடைவெளிகளுக்கு அந்த இழுவிசை இல்லை. அதனால் மேல் மண் கிட்டத்தட்ட முழுவதும் நிறைந்து, தண்ணீர் தன் எடையாலேயே தள்ளப்படும்வரை ஒரு சொட்டும் சரளைக்குள் இறங்காது. எல்லையில் ஒரு ஈரப்பட்டை தொங்கிக்கொண்டே இருக்கும். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வால்டர் கார்ட்னர் கண்ணாடிப் பெட்டியில் மண்ணை அடுக்கித் தண்ணீர் விட்டு இதைக் கண்ணெதிரே காட்டியிருக்கிறார். வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் ஒரு செவ்வக ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அப்படியே நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடியுங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும். அடிப்பகுதியில் நிற்கும் ஈரப்பட்டையின் உயரம் பொருளைப் பொறுத்தது, பாத்திரத்தின் உயரத்தைப் பொறுத்தது அல்ல. ஸ்பாஞ்ச் உயரமானதும் பட்டைக்கு மேலே இருந்த தண்ணீர் இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சல்லியும் சரளையும் போடும் பழக்கம் வடிகாலுக்கு எந்த வகையிலும் உதவாது. ஈரப்பட்டையை அது வேருக்குப் பக்கத்தில் உயர்த்திக் கொண்டுவருகிறது, அவ்வளவே. துளையை மண் அடைக்காமலிருக்க ஒரு ஓடு அல்லது வலைத்துண்டு போதும். இரண்டாவது, ஆழம் குறைந்த தட்டைத் தொட்டியில் மண்ணின் பெரும் பகுதியை இந்தப் பட்டையே எடுத்துக்கொள்ளும், அதனால் தட்டைத் தொட்டிக்கு இன்னும் சொரசொரப்பான கலவை வேண்டும். அதே தத்துவத்தை வேண்டுமென்றே பயன்படுத்துபவர்களும் உண்டு. கோல்ஃப் மைதானத்தின் புல்தரையை அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் முறைப்படி அமைக்கும்போது 30 செ.மீ. மணலை 10 செ.மீ. சரளையின் மேல் பரப்புகிறார்கள். மணல் சும்மா இருந்தால் உடனே காய்ந்துவிடும். அடியில் சரளை இருப்பதால் கொஞ்சம் தண்ணீர் மேலேயே தொங்கி நின்று புல்லைக் காப்பாற்றும், பெருமழை வந்தால் மட்டும் உடைத்துக்கொண்டு இறங்கும்.

நடவுக் குழி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். இறுகிய களியில் ஒரு மீட்டர் குழி எடுத்து, தோண்டிய மண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, மணலும் மக்கும் தென்னை நார்க்கழிவும் கலந்த ஆடம்பரக் கலவையை நிரப்பி மரக்கன்று வைக்கிறார்கள். மழை பெய்தால் சுற்றியுள்ள நிலத்தின் தண்ணீரெல்லாம் எளிதான வழி பார்த்து அந்தக் குழிக்குள் வரும். வெளியே போக வழியில்லை. கன்று நிற்பது இப்போது மூடியில்லாத தண்ணீர்த் தொட்டிக்குள். தப்பிப் பிழைத்தாலும் வேர் அந்தச் சொகுசான கலவையை விட்டுக் களிக்குள் நுழைய மாட்டேன் என்று சுற்றிச் சுற்றி வரும். குழியை அகலமாக எடுங்கள், ஆழம் வேர்க்கட்டியின் அளவு இருந்தால் போதும், சுவரைக் கடப்பாரையால் குத்திச் சொரசொரப்பாக்குங்கள், தோண்டிய அதே மண்ணையே திரும்பப் போடுங்கள், மக்கை மேலே மூடாக்காகப் பரப்புங்கள். வடியாத இடமென்றால் குழியே வேண்டாம், தரைக்கு மேலே மேடு போட்டு அதில் வையுங்கள்.

களியில் மணலைக் கலந்தால் இளகும் என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த யோசனை. கொஞ்சம் மணல் போட்டால் களி அந்த மணல் துகள்களுக்கு நடுவிலுள்ள இடத்தையெல்லாம் நிரப்பி முன்பைவிடக் கெட்டியாகும். உண்மையிலேயே பலன் தெரிய வேண்டுமானால் மொத்தக் கன அளவில் பாதிக்கு மேல் மணல் வேண்டும், ஒரு சென்ட் நிலத்துக்கே எத்தனை லாரி என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஜிப்சம் பற்றியும் இதே மாதிரி ஒரு குழப்பம் உண்டு. எந்தக் களிமண்ணுக்கும் ஜிப்சம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் அது மருந்து. சோடியம் களித் துகள்களை ஒன்றையொன்று விலக்கிப் பிரித்துவிடும், பிரிந்த துகள்கள் எல்லா வழியையும் அடைக்கும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளிய சோடியம் தண்ணீரோடு கீழே வடிந்து போக வழி இருந்தால்தான் முழுப்பலன், இல்லாவிட்டால் அது அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் மண் அந்த வகையா என்று பார்க்க ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மண் ஆய்வாளர் எமர்சன் 1967-ல் விவரித்த ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியை மழைத் தண்ணீரோ காய்ச்சி வடித்த நீரோ ஊற்றிய கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு ஆட்டாமல் வையுங்கள். கட்டி வெறுமனே உதிர்ந்து சிறு துண்டுகளாகி, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் ஜிப்சம் தேவையில்லை, மக்குதான் தேவை. கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவினால் சோடியத்தின் வேலை, ஜிப்சம் கைகொடுக்கும். உப்புக் கலந்த கிணற்று நீரில் செய்தால் விடை தப்பாக வரும்.

கடினத்தட்டுக்கு உளிக்கலப்பை நல்ல வழி, ஆனால் தட்டு இருக்கும் ஆழத்தில் மண் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்திருந்தால் தட்டு நொறுங்கும், ஈரமாக இருந்தால் கத்தியால் கீறின கோடு மட்டும் விழும், அடுத்த மழையில் அதுவும் மூடிக்கொள்ளும். உடைத்த பிறகு உடனே எதையாவது விதைத்து வேரால் அந்த வெடிப்புகளைப் பிடித்து வைக்காவிட்டால் செலவு வீண். அவசரம் இல்லாதவர்களுக்கு வேரே போதும். குதிரைமசால் போன்ற செடிகளின் வேர் சில மீட்டர் ஆழம்வரை போகும், செத்து மக்கியதும் அது இருந்த வழி திறந்தே இருக்கும், அடுத்த பயிரின் வேர் அதே வழியில் இறங்கும். மண்புழுவின் செங்குத்து வளைகளும் அப்படித்தான். புவாசேய் கணக்கை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள், 4 மி.மீ. அகல வளை ஒன்று, களியின் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான இடைவெளிகள் சேர்ந்து செய்யாத வேலையைத் தனியாகச் செய்யும். ஆனால் சுக்கானையோ பாறையையோ எந்த வேரும் சுலபத்தில் உடைக்காது, அங்கே மேட்டுப்பாத்திதான்.

மணற்பாங்கான மண் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு அடிமண் நண்பன். மணலில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய நீர் 25 முதல் 100 மி.மீ., கலந்த மண்ணில் 100 முதல் 175. போட்ட உரமும் மணலில் தங்காது, தண்ணீரோடு கீழே போய்விடும். ஆனால் ஒரு மீட்டருக்குக் கீழே களிப் படுகை இருந்தால் அது தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைத்து மரங்களுக்குக் கோடையிலும் கொடுத்துக்கொண்டிருக்கும். மேலே சுடுமணல், ஆனாலும் மரம் மட்டும் செழிப்பாக நிற்கும் இடங்களின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். அங்கே போய்ப் போர் போடும் துளைக்கருவியால் அந்தப் படுகையைக் குத்தித் திறந்துவிடாதீர்கள்.

வடிகால் குழாய் பதிக்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி: வெளியே விடுவதற்குத் தாழ்வான இடம் இருக்கிறதா? ஹென்றி ஃபிளாக் பிரெஞ்ச் என்ற அமெரிக்கர் 1859-ல் பண்ணை வடிகாலைப் பற்றி விரிவாக எழுதினார், பிரெஞ்சு வடிகால் என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததுதான், பிரான்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சரளை நிரப்பிய அந்தக் கால்வாய் மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவோடு போய் எங்காவது திறந்து முடிந்தால் வேலை செய்யும். திறக்க இடமில்லாமல் களிக்குள்ளேயே முடிந்தால் நீளமான ஒரு குளத்தைப் புதைத்து வைத்திருக்கிறீர்கள். மெல்லிய தட்டும் அதற்குக் கீழே நல்ல மணலும் இருக்கும் இடத்தில் மட்டும் ஆழத் துளை போட்டுச் சரளையை நிரப்புவது பலிக்கும், அதுவும் மழைக்கால நீர்மட்டம் அந்த மணலுக்குக் கீழே இருந்தால்தான்.

அந்த நீர்மட்டத்தைத் தெரிந்துகொள்ளச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் நீளமான பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் போட்டு, துணி சுற்றி, மேல்முனை தரைக்கு மேலே தெரிகிறபடி தோட்டத்தில் செங்குத்தாகப் புதைத்து மூடி போட்டு வையுங்கள். மழைக்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை குச்சி விட்டு ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். தண்ணீர் 30 செ.மீ. ஆழத்துக்குள் நாள்கணக்கில் நின்றால் அந்த இடத்தில் கல்வாழை, நாணல், தக்கைப்பூண்டு. 60 செ.மீ. ஆழம்வரை வந்துவிட்டு இரண்டு மூன்று நாளில் இறங்கிவிட்டால் காய்கறிக்குப் பிரச்சினை இல்லை, மரத்துக்கு மேடு போட வேண்டும். குழாய் மழைக்காலம் முழுவதும் காய்ந்தே கிடந்தால் தாராளமாகப் பப்பாளி வையுங்கள்.